ஒலிப்பெட்டியும் மரத்தகடும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



காப்பியச் சுவையையும் குறள்நெறியையும் எடுத்துரைக்க வல்ல அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டுகளோடு காலங்கழிக்கும் எங்களுக்கு அத்துறைகளில் புகத் தகுதி இல்லை. ஆயினும், மேடையின் இரு புறமும் நிற்கும் இந்த ஒலிப்பெட்டிகளைப் பார்த்தவர் பலர், 'எந்தக் கடையில் வாங்கினீர்கள்?' என்று கேட்கின்றனர். கடையில் வாங்கியவை அல்ல; ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வர் கூடிச் செய்தவை. அவற்றின் மேல் மரத்தகடு ஒட்டிய விதத்தைச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். அதனையே பேசுகிறோம்.

முதலில், ஒலிப்பெட்டி நமக்கு ஏன் வேண்டியதாயிற்று என்பதைச் சொல்லவேண்டும். இந்தக் கரக்பூரில் வளரும் நம் பிள்ளைகள் தெருவில் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் கேட்கின்றனர். பள்ளியில் ஆங்கிலம் கேட்கின்றனர். தமிழ் அவர்கள் செவியில் விழுவது வீட்டிலும் இந்த மண்டபத்திலுமே. முன்பு நாம் வாடகைக்கு எடுத்த கூம்பு ஒலிபெருக்கி திடலுக்கு ஏற்றது. மண்டபத்திலோ அதன் ஓசை நான்கு சுவர்களிலும் மோதி முழங்கும். பேசுபவர் சொன்னது 'வலி'யா, 'வளி'யா, 'வழி'யா என்று பெரியவர்களே திகைத்தனர். லகர, ளகர, ழகரங்களை வேறுபடுத்திக் கேளாத பிள்ளை அவற்றை வேறுபடுத்திச் சொல்வது எங்ஙனம்? ஆகவே, மண்டபத்துக்கு அளவான இரண்டு பெட்டிகளைச் செய்ய முற்பட்டோம்.

ஒலிபெருக்கியின் கூம்புத்தாள் முன்னோக்கி அசையும்போது முன்பக்கத்துக் காற்று நெருக்குண்கிறது. அதே நொடியில் பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்னொலியை அடைத்து வைப்பதே பெட்டியின் வேலை. எங்கள் பெட்டியின் உள்ளளவு 25, 30, 40 சென்டிமீட்டர். அதாவது 30 லிட்டர் கொள்ளளவு. பலகை, எம்.டி.எஃப் எனப்படும் 18 மில்லிமீட்டர் நார்ப்பலகை. எட்டு அங்குல ஒலிபெருக்கி ஒன்று அதனுள் அமர்ந்தது. சொல் தெளிவாகக் கேட்டது, எங்களுக்கும் மகிழ்ச்சி.

ஆனால் அடுத்த கூட்டத்திலேயே ஓசை மீண்டும் மங்கிவிட்டது. காரணம் பெட்டியினுள் இல்லை. அதன் மேல் இருந்தது. கோலமிட்டுக் குத்துவிளக்கு ஏற்றிய மேடையில், பார்சல் ஆபீஸில் கிடக்கும் சரக்குப் பெட்டி போல இரண்டு பழுப்புப் பெட்டிகள் நிற்பதைப் பார்த்த மாதர் குழுவினர், கனமான பூவேலைத் திரைச்சீலையால் அவற்றைப் போர்த்திவிட்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தடித்த துணி தாழ்ந்த ஒலியை வெளியே விட்டு, எழுத்துக்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய மேலொலியை விழுங்கிவிடும். அரை மில்லிமீட்டர் மரத்தகட்டினால் பெட்டியின் ஒலி மாறுவதில்லை என்பது உண்மையே. எனினும், திரைச்சீலை விலகவேண்டுமானால் பெட்டி பார்க்கத்தக்கதாக இருக்கவேண்டும். எனவே இங்கு அழகும் ஒலிக்குத் துணையாயிற்று.

பெயிண்ட் அடிக்கலாம்; சன்மைக்கா ஒட்டலாம். பெயிண்ட் மூலைகளில் உதிரும். சன்மைக்காவின் விளிம்பில் கருங்கோடு தெரியும், கீறல் விழுந்தால் தேய்த்துப் புதுப்பிக்கவும் இயலாது. மரத்தகடோ உண்மையான மரம். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களைச் சீவி எடுத்த அந்தத் தகட்டுக்கு வெனீர் என்று பெயர். பழைய எகிப்தியரே இக்கலையை அறிந்திருந்தனர். கல்கத்தாவில் நீம்தலாப் பக்கத்து மரக்கடைகளுக்கு ஒரு விடுமுறை நாளில் சென்றோம். ஒரு பெட்டியின் புறப்பரப்பு ஏறக்குறைய 8 சதுர அடி. இரண்டுக்கு 16; வெட்டுச் சேதத்துக்கு 4 சேர்த்து 20 சதுர அடித் தேக்குத் தகடு வாங்கி வந்தோம்.

எங்களுக்குக் கற்பித்தவர், இங்குள்ள பட்டறையில் தச்சராயிருந்து ஓய்வு பெற்ற ஒரு வங்காளப் பெரியவர். நாங்கள் அவரை 'மிஸ்திரி தாதா' என்போம். அவர் எங்களைக் 'கேரானி பாபு' என்பார். குமாஸ்தா ஐயா என்று பொருள். 1955-ஆம் ஆண்டில் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்று, எஃகுடல் வண்டிகள் பெருகின. மரவுடல் வண்டிகள் படிப்படியாக மறைந்தன. அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் இருக்கை, கதவு, சன்னல் சட்டம் ஆகியவையே தச்சர் கைக்கு எஞ்சியிருந்தன. அவருடைய ஆசான்களோ மரவண்டி கட்டியவர்கள். அவர்களிடம் பெற்றதை அவர் எங்களுக்குத் தந்தார்.

அவர் காட்டிய முறையை வரிசையாகச் சொல்கிறோம். வாங்கிய தகட்டை உடனே ஒட்டலாகாது. பெட்டி இருக்கும் அறையிலேயே சில நாள் தட்டையாகக் கிடத்தி, மேலே பாரம் வைக்கவேண்டும். மரம் காற்றின் ஈரத்தை உண்டு அகலும். ஈரம் நீங்கினால் சுருங்கும். அவ்வசைவு ரேகையின் குறுக்கே மிகுதி. நெடுக்கே மிகக் குறைவு. இவ்வூர் மழைக்காலத்தையும் பனிக்காலத்து வறட்சியையும் அறிந்த நீங்கள், தகட்டுக்கும் அவை உண்டு என்று எண்ணிக்கொள்ளலாம்.

பெட்டியின் ஆணிக்குழிகளைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் சமமாகத் தேய்த்துத் தூசியைத் துடைக்கவேண்டும். மிக மெல்லிய தகடாதலால் கீழே ஒரு மணல் துகள் இருந்தாலும் மேலே கொப்புளமாகத் தெரியும். பின்னர் ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை அங்குலம் மிகுதியாகத் தகட்டை வெட்டவேண்டும். ஒரே பட்டையை இடப்பக்கம், மேற்பக்கம், வலப்பக்கம் என்று தொடர்ச்சியாகப் பகுத்தால் ரேகை பெட்டியைச் சுற்றி ஓடுவது போல் அமையும். ரேகைக்குக் குறுக்கே வெட்டும்போது கத்தியை ஒரே இழுப்பாக அழுத்தாமல் பலமுறை மென்மையாக ஓட்டவேண்டும். 'ஆஸ்தே, ஆஸ்தே' என்பார் தாதா. மெல்ல, மெல்ல என்பது பொருள்.

அக்காலத் தச்சர் வச்சிரத்தைக் காய்ச்சி ஒட்டினர். இன்று வெள்ளைப் பசை உள்ளது. 1959-இல் ஃபெவிகால் வந்தபின் நம் நாட்டில் வச்சிரக் கலயம் மெல்ல அடுப்பிலிருந்து இறங்கிற்று. அப்பசையைப் பலகையிலும் தகட்டின் பின்புறத்திலும் மெல்லியதாகப் பூசவேண்டும். நார்ப்பலகை உறிஞ்சுமாதலால் அதற்கு இரண்டு பூச்சு. ஈரப்பசையால் தகடு சுருளும்; அதன் முன்புறத்தை ஈரத்துணியால் இலேசாகத் துடைத்தால் நேராகும். பிறகு காத்திருக்கவேண்டும். விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு இரண்டும் உலரவேண்டும். வறண்ட நாளில் சில மணி நேரம்; ஈர நாளில் ஓர் இரவு.

அடுத்து வேண்டுவது வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியே. தகட்டை உரிய இடத்தில் வைத்து, மேலே காகிதம் பரப்பி, பருத்தித் துணிக்குரிய சூட்டில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெதுவாகத் தேய்க்கவேண்டும். உலர்ந்த பசை சூட்டில் இளகிப் பற்றிக்கொள்ளும். சூடு ஆறும்வரை ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டே போகவேண்டும். நீர்புகாப் பசைகளில் சில இவ்வாறு இளகுவதில்லை. ஆகையால் முதலில் துண்டுப் பலகையில் சோதித்தல் நன்று.

ஒட்டியபின் நகத்தால் தட்டிப் பார்க்கவேண்டும். பற்றிய இடம் திண்ணென்று ஒலிக்கும். பற்றாத இடம் உலர்ந்த சுரைக்குடுவை போல ஒலிக்கும். அங்கே மீண்டும் சூடு காட்டலாம். அதற்கும் இணங்காவிட்டால் ரேகையின் வழியே மெல்லக் கீறிப் பசை செலுத்தி அழுத்தலாம். விளிம்பில் மிஞ்சியதைக் கத்தியால் நறுக்கி, உப்புத்தாள் சுற்றிய கட்டையால் உட்புறம் நோக்கியே தேய்க்கவேண்டும். வெளிப்புறம் இழுத்தால் தகடு பிய்ந்துவிடும். அடிப்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு, மேற்பக்கம், கடைசியில் முன்பக்கம் என்ற வரிசையில் ஒட்டினால், பொருத்துவாய்கள் எதிரே இருப்பவர் கண்ணுக்குப் படா.

இவற்றினும் முக்கியமாகத் தாதா வற்புறுத்தியது ஒன்று உண்டு. பெட்டியின் பக்கங்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் வெளிப்புறம் மட்டும் ஒட்டினாலும் அவை வளைவதில்லை. கழற்றி மாட்டும் பின்கதவோ தனிப்பலகை. அதற்கு ஒரு முகத்தில் மட்டும் தகடு ஒட்டினால், பசை காயக் காயத் தகடு இழுத்துப் பலகையைக் கிண்ணம் போல் வளைத்துவிடும். இடுக்கில் காற்றுக் கசிந்து ஓசை கெடும். ஆகவே, எவரும் பாராத உட்புறத்துக்கும் அதே தடிப்பில் ஒரு தகடு வேண்டும். விலை குறைந்த மரமாயினும் போதும். 'யார் பார்க்கப் போகிறார்?' என்று எங்களில் ஒருவர் கேட்டார். 'பலகை பார்க்கும், கேரானி பாபு' என்றார் தாதா.

இறுதியாக மெருகு. 150, 220 எண் உப்புத்தாள்களால் ரேகையின் வழியே மட்டும், தகடு தேய்ந்துபோகாவண்ணம் இலேசாகத் தேய்த்தோம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 200 கிராம் அரக்குச் செதிளை ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, துணியில் பொதிந்த பஞ்சினால் பல தடவை மெல்லப் பூசினோம். ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்பும் விளக்கும் அருகில் ஆகா. இந்த அரக்கு நமக்கு அண்டைப் பகுதிச் செல்வம். புருலியாவிலும் சோட்டா நாகபுரிக் காடுகளிலும் பலாசு, குசும், இலந்தை மரங்களில் சிறு பூச்சிகள் தருவது. 1924-லேயே ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் இதற்கென ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. பழைய கிராமபோன் இசைத்தட்டுகளும் இவ்வரக்கு கலந்தே செய்யப்பட்டன. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் அவற்றை அச்சிடும் ஆலை ஏற்பட்டது. அன்று பாட்டைத் தாங்கிய அரக்கு, இன்று நம் பேச்சைத் தாங்கும் பெட்டிக்கு மெருகாயிற்று.

பெரியோர்களே! மாதர் குழுவினர் திரைச்சீலையைத் தாமாகவே மடித்து அலமாரியில் வைத்துவிட்டனர். சென்ற கூட்டத்தில் நம் சிறுமி ஒருத்தி ஒப்பித்த பாட்டில் வந்த ழகரம் கடைசி வரிசை வரையில் கேட்டது. எங்கள் உழைப்புக்கு அதுவே கூலி.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஸ்திரி தாதாவின் கை இப்பொழுது நடுங்கத் தொடங்கியுள்ளது; கத்தியை எங்களிடம் தந்துவிட்டு வாயால் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய மக்கள் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். நமக்கு மாற்றல் உத்தரவு என்று வரும் என்பதும் எவரும் அறியார். நாங்கள் நால்வரும் நான்கு ஊர்களுக்குச் சென்றுவிட்டால் இவ்வித்தை இந்த மண்டபத்தில் நிலைக்காது. நம் நூலக அறைக்கு இன்னும் இரண்டு பெட்டிகள் வேண்டும். நார்ப்பலகை அறுத்து வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டியை அம்மாவிடம் சொல்லிவிட்டே எடுத்து வாருங்கள். தாதாவுக்கு வங்காளமும் இந்தியும் மட்டுமே தெரியும். நீங்கள் இரண்டும் எங்களைவிட நன்றாகப் பேசுகிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், பின்பு எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

 முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மிஸ்திரி தாதாவுக்குச் சங்கத்தின் சார்பில் எங்கள் வணக்கம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!