கடிதத்தை முதலில் படிப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

முடிச்சூரிலிருந்தும் அனகாபுத்தூரிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கிற அக்கா, தங்கைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். எனக்குப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. கணக்கெல்லாம் செயலாளர் சொல்லுவாங்க. நான் ஒரே ஒரு கடன் விண்ணப்பத்தைப் பற்றி மட்டும் பேசறேன்.

போன வருஷம் எங்க குழுவில் ஒரு அக்கா ஒன்றரை லட்சம் கேட்டாங்க. இட்லிக் கடை வைத்து மகளை பி.எஸ்சி. வரை படிக்க வைத்தவங்க. பொண்ணு பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. இங்கிலாந்தில் எம்.எஸ்சி. சீட்டு கிடைத்துவிட்டது, ஒரு வாரத்தில் பணம் கட்டாவிட்டால் போய்விடும் என்று ஏஜென்ட் சொன்னாராம். "இங்கிலீஷ் வராதுன்னு பயப்படாதீங்கம்மா, ஐயெல்ட்ஸ் இல்லாமலே அனுப்பிடறோம்" என்றும் சொல்லியிருக்கார்.

அந்த அக்கா ஒரு தவணை தவறினதில்லை. கொடுத்துடலாம்னுதான் பாதிப் பேர் சொன்னோம், நானும் சேர்த்து. எங்க குழுவில் வயதில் பெரியவங்க ஒருத்தர் மட்டும், "இடம் வாங்கக் கடன் கேட்டா பத்திரத்தைப் பார்க்கிறோமே, இதுக்குக் கடுதாசி எங்கே?" என்று கேட்டாங்க. கடிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியலை. கடைசியில் பொண்ணையே கூப்பிட்டோம். முதலில் வெட்கப்பட்டது. அப்புறம் விரலை வைத்து வரி வரியாகப் படித்தது. இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டது.

அது நிபந்தனையுடன் கொடுத்த சேர்க்கை. ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6.5 வாங்க வேண்டும், எந்தப் பிரிவிலும் 6-க்குக் கீழே போகக் கூடாது. அதைக் காட்டினால்தான் இடம் உறுதி. பணம் கட்டக் கெடுவோ இன்னும் இரண்டு மாதம் இருந்தது. யாருக்கு வராதுன்னு சொன்னாங்களோ அந்தப் பொண்ணுதான் இங்கிலீஷைப் படித்து எங்க பணத்தைக் காப்பாத்துச்சு.

ஐயெல்ட்ஸில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. 9 வரை மதிப்பெண். பாஸ், ஃபெயில் கிடையாது. எவ்வளவு வேண்டும் என்று பல்கலைக்கழகம்தான் சொல்லும். வாங்கின மதிப்பெண் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். இந்தத் தேர்வு இல்லாமல் சேரவே முடியாதா என்றால், முடியும். பட்டப்படிப்பை ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி கொடுக்கிற சான்றிதழை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பன்னிரண்டாவது ஆங்கில மதிப்பெண்ணை ஏற்பவையும் உண்டு. மதிப்பெண் கொஞ்சம் குறைந்தால், வகுப்புக்கு முன்னாடி சில வாரம் மொழிப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் இதையெல்லாம் முடிவு செய்வது பல்கலைக்கழகம். ஏஜென்ட் இல்லை.

ஏஜென்ட் எல்லாரும் மோசம்னு நான் சொல்லலை. ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. மனை புரோக்கர் தனக்குத் தரகு வருகிற மனையைத்தானே முதலில் காட்டுவார்? அதே கதைதான். 2023-ல் கனடாவில் என்ன நடந்தது தெரியுமா? படிக்கப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் பல பேர், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போனவர்கள், சேர்க்கைக் கடிதமே போலி என்று சிக்கிக்கொண்டார்கள். போய்ச் சில வருஷம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று தவித்தார்கள். அந்த வருஷம் டிசம்பரிலிருந்துதான், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கும் முறையைக் கனடா அரசு கொண்டுவந்தது. நாமும் கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இருக்கிற முகவரிக்குப் பொண்ணு நேராக மெயில் போட்டது. மூன்றாம் நாள் பதில் வந்தது.

பணத்துக்கு வருகிறேன். குழுக்கடன் வாங்கின அடுத்த மாதமே தவணை. வங்கிக் கல்விக்கடனில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை இல்லை, வட்டி மட்டும் ஏறும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பாங்க. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், முந்தைய படிப்பில் 60 சதவீதம், வயது 35-க்குள். மாநில ஆதிதிராவிடர் நலத்துறையிலும் கேளுங்க. மற்ற சமூகப் பிள்ளைகள் பலருக்கு இவ்வளவு கைகொடுப்பது இல்லை. அதுவும் உண்மைதான்.

ஒன்றரை லட்சத்தை நாங்க கொடுக்கலை. தேர்வுக் கட்டணத்துக்கும் பயிற்சிக்கும் இருபத்தைந்தாயிரம் உள்கடன் கொடுத்துத் தீர்மானம் எழுதினோம். அந்த அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசலை. பொண்ணு முதல் தடவை எழுத்தில் 5.5 வாங்கி, அந்த வருஷச் சீட்டு போனது. அன்னைக்கு எனக்கும் தூக்கம் வரலை. பெருங்களத்தூரில் ஒரு ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி எழுதியது. இந்தத் தடவை 6.5, எழுத்தில் சரியாக 6. செப்டம்பர் சேர்க்கைக்கு அதுவே விண்ணப்பித்திருக்கிறது. பதில் இன்னும் வரலை.

அந்தப் பொண்ணு ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு நம்ம கட்டடத்துக்கு வரும். உங்க வீட்டில் இப்படிக் கடிதம் வந்திருந்தால், பிரிண்ட் எடுத்துப் பிள்ளையோடு வாங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி வாங்க.