அழித்துவிடாதீர்கள்



சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவி எங்களைத் தேடி வந்தார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படத்தை வெட்டி ஒட்டி, சாதிப் பெயரை எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாற்பது பேர் பார்த்தார்கள். சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அம்மா பார்த்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டார். காவல் நிலையத்தில் முதல் கேள்வியே, "ஆதாரம் எங்கேம்மா?"

அவரைக் குறை சொல்ல மாட்டோம். இழிவுபட்டவரையே வெட்கப்பட வைப்பதுதானே சாதியின் வேலை. குறை எங்களுடையது. இத்தனை ஆண்டுகளாகக் கவிதை வாசித்த மேடையில் ஒரு சட்டப்பிரிவைக்கூட நாங்கள் வாசித்ததில்லை. இன்று வாசிக்கிறோம்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 3(1). அதன் (ஆர்) வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும், (எஸ்) சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. இரண்டுமே 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்' என்று கேட்கின்றன. தனிச்செய்தியில் வரும் வசவு இதில் சிக்காது. மிரட்டல் இருந்தால் பொதுக் குற்றவியல் சட்டத்தையும் நாடலாம். 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த (யு) அந்த நிபந்தனையை வைக்கவில்லை. எழுத்தாலோ பேச்சாலோ படத்தாலோ பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது பகையையும் வெறுப்பையும் வளர்ப்பதே குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத் தேடாதீர்கள். அது எரிச்சலூட்டும் செய்திக்கும் சிறை என்றது. 2012இல் பால்கரில் ஒரு முகநூல் பதிவுக்காக இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. அதிகாரத்தில் இருப்பவருக்கு எரிச்சல் வருவதும் சேரிப் பெண்ணை இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல.

"விசாரித்துவிட்டுப் பதிகிறோம்" என்று நிலையத்தில் சொல்வார்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ. புலனாய்வு செய்ய வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர். மனுவிலேயே பிரிவு எண்களை எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். செய்தி வந்த கைபேசி பத்திரமாக இருக்கட்டும். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க அதற்கெனச் சான்றிதழ் கேட்கும்.

அந்த மாணவியின் வழக்கு பதிவாகியிருக்கிறது. பதிவை அழிக்காமல் வைத்திருந்தவர் அவருடைய பெஞ்ச் தோழி, வேறு சாதிப் பெண். மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது பேரில் அவர் ஒருவர்.