ஒளி எழுப்பும் மருந்து



நோயைக் கொல்லும் மருந்து நோயாளியையும் வருத்துவது ஏன்? புற்றுநோய்க்கு ஊசிவழி ஏற்றப்பெறும் மருந்து குருதியோடு கலந்து உடலெங்கும் ஓடுகின்றது. புற்றணுக்களை மட்டுமன்றி, மயிர்க்காலையும் குடற்சுவரையும் எலும்பினுள் குருதி ஊறும் இடத்தையும் தாக்குகின்றது. மயிர் உதிர்வதும் வாய் புண்ணாவதும் அதனாலேயே. அம் மருந்துக்கு வலிமை உண்டு, இடமறியும் அறிவில்லை. அவ் வறிவை ஒளியால் ஊட்ட முனைந்தோரின் வரலாறே ஈண்டுக் கூறப்பெறுவது.

செருமனியின் மூனிக்கு நகரில், பேராசிரியர் தாப்பைனரின் மாணவர் ஆசுகர் இராபு, அக்கிரிடின் என்னும் சாயம் நீர்வாழ் ஓரணுவுயிர்களைக் கொல்லும் வகையை ஆய்ந்தார். ஒரே அளவுச் சாயம் ஒருகால் விரைந்து கொன்றது. ஒருகால் தாழ்த்துக் கொன்றது. வேறுபாடு சாயத்தில் இல்லை. அதன்மேல் விழுந்த ஒளியில் இருந்தது! இம் முடிவு 1900-இல் வெளியாயிற்று. 1903-இல் தாப்பைனரும் எசியோனெக்கும் இயோசின் சாயத்தையும் ஒளியையும் கொண்டு தோற்புற்றுக்கு மருத்துவம் செய்தனர்.

இதன் இயக்கம் யாது? சாயத்தின் மூலக்கூறு ஒளியை உண்டு, அவ் வாற்றலை அருகிலுள்ள உயிர்வளிக்கு ஈகின்றது. கிளர்ந்தெழுந்த உயிர்வளி தொட்டதைச் சிதைக்கின்றது. ஆயின் அதன் வாழ்நாள் நொடியின் நூறாயிரத்தில் ஒரு கூறும் இல்லை; பிறந்த இடத்தை விட்டு நெடுந்தொலைவு செல்லுமுன் அடங்கிவிடும். எனவே மருந்தும் ஒளியும் உயிர்வளியும் கூடுமிடமே போர்க்களம். பிற இடம் பிழைக்கும்.

இவ் வறிவு எளிதில் வாய்த்ததன்று. 1912-இல் மேயர்-பெட்சு என்னும் செருமானிய மருத்துவர், குருதியின் செந்நிறப் பொருளிலிருந்து பெற்ற சாயம் 200 மில்லிகிராமைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கையும் வீங்கின. இரு திங்களுக்கு மேலும் அத் துன்பம் நீடித்தது.

அமெரிக்காவின் பப்பலோ நகரில் தாமசு தோகர்த்தி குழுவினர் 25 நோயாளிகளின் 113 கட்டிகளுக்கு இம்முறையால் மருத்துவம் செய்து, 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன என 1978-இல் அறிவித்தனர். 1993-இல் கனடா சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இம் மருந்தினை ஏற்றது.

1999-இல் நார்வேயின் ஓசுலோவில் மற்றொரு வழி காட்டப்பெற்றது. உயிரணு விழுங்கிய மருந்து அதன் நுண்பைகளுள் சிறைப்பட்டு வீணாவதுண்டு. ஒளியால் அப் பைகளைக் கிழித்து மருந்தை விடுவித்தனர்.

தொற்றுநோய்க் கிருமிகளுக்கும் இஃது ஒரு படைக்கலம். உயிர்வளி கிருமியின் பல உறுப்புகளை ஒருங்கே தாக்குவதால், அஃது எதிர்ப்பாற்றல் பெறுவது அரிது. ஆயினும் சில கிருமிகளின் புறவுறை சாயத்தைத் தடுக்கும். நேர்மின்னேற்றமுள்ள சாயங்கள் அதனை ஊடுருவ வல்லன.

குறையும் உண்டு. செவ்வொளியும் தசையுள் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் அளவே பயன்படச் செல்லும். ஆதலின் கண்ணாடி இழைவழி ஒளியை உணவுக்குழலுள்ளும் மூச்சுக்குழலுள்ளும் செலுத்துகின்றனர். உடலெங்கும் பரவிய புற்றை இம்முறையால் மட்டும் தீர்த்தல் இயலாது.

அவையோரே! மருந்தின் பெருமை அது கொல்லும் வலிமையில் மட்டும் இல்லை. கொல்லாது விடவேண்டியதை விடுவதிலும் உண்டு. அவ் வறத்தையே ஒளி மருந்துக்குக் கற்பிக்கின்றது.