ஒரு தடவை அழுத்தினால் என்ன நடக்கிறது?



இந்த மாதம் கணனித் திரைக்குப் பின்னால் நடக்கும் ஒரு விடயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் கணக்காளன். ஆகவே கணக்குப் பக்கம் நின்றுதான் இதைப் பார்க்கிறேன். கடை நடத்துவோர், கல்லாவில் நிற்போர், இணையத்தில் பணம் கட்டுவோர் எல்லோருக்கும் இது பயன்படும்.

திரையில் பொத்தான்களும் பெட்டிகளும் தெரிகின்றன. நாம் எதையும் தொடாதவரை அந்த மென்பொருள் பெரும்பாலும் சும்மா காத்துக்கொண்டே இருக்கும். நாம் ஒரு விசையை அழுத்தினால் அது ஒரு 'நிகழ்வு'. அந்த நிகழ்வு ஒரு வரிசையில் போய் நிற்கும். மென்பொருள் வரிசையில் முதலில் நிற்பதை எடுத்து, அதற்கென்று எழுதி வைத்த வேலையைச் செய்து முடித்து, பிறகு அடுத்ததை எடுக்கும்.

கோயிலில் அர்ச்சனை நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஐயர் வேறொருவரின் அர்ச்சனையில் நின்றால் உங்கள் தட்டு காத்திருக்கும். அவசரப்பட்டு மூன்று தட்டுக் கொடுத்தீர்களானால் மூன்று அர்ச்சனை நடக்கும். ஐயராவது "இப்பதானே செய்தேன்" என்று கேட்பார். கணனி கேட்காது. கேட்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் மட்டுமே கேட்கும்.

இதனால் என்ன விபரீதம் வரும் என்பதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஒக்ரோபரில், ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் என்ற ஊரில், தபாற்கந்தோர் சேவை நடத்திய ஒருவர் தனக்கு வந்த 8,000 பவுண் காசுப் பையை ஹொறைசன் கணனியில் வரவு வைத்தார். முதல் தடவையே வரவு விழுந்துவிட்டது. ஆனால் மூட வேண்டிய பக்கம் மூடவில்லை. திரை உறைந்துவிட்டது என்று நினைத்து அவர் மீண்டும் மீண்டும் 'என்ரர்' விசையை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இன்னொரு 8,000 வரவு விழுந்தது. மொத்தம் நான்கு தடவை. கையில் இருந்ததோ 8,000. கணக்குச் சொன்னதோ 32,000. ஆக 24,000 பவுண் துண்டு விழுந்தது.

ஒரு கணக்காளனாக எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். ஒவ்வொரு காசுப் பைக்கும் தனி இலக்கம் உண்டு. அதே இலக்கம் இரண்டாம் தடவை வந்தால் "இது ஏற்கனவே பதியப்பட்டது" என்று மறுப்பது பாலபாடம். ஒரே பற்றுச்சீட்டை இரண்டு முறை பதியக்கூடாது என்று வணிகக் கல்வியின் முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அத்துடன், முதல் அழுத்தலுடனேயே பொத்தானைச் செயலிழக்கச் செய்து, "பொறுங்கள்" என்று திரையில் காட்டியிருக்கலாம். பின்னர் தேடிப் பார்த்தபோது, 2010க்கும் 2015க்கும் இடையில் 88 கிளைகளில் 112 தடவை இப்படி நடந்திருந்தது தெரிய வந்தது.

ஹொறைசனில் இருந்த பல பிழைகளில் இது ஒன்று மட்டுமே. 1999க்கும் 2015க்கும் இடையில், ஹொறைசன் காட்டிய கணக்கை வைத்து 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். கடன்பட்டு, வீட்டை ஈடு வைத்து, இல்லாத துண்டைக் கட்டியவர்கள் பலர். ஆசிய நாட்டவரும் அவர்களில் இருந்தார்கள். சீமா மிஸ்ரா 2010இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். 2021இல்தான் அவரது தீர்ப்பு இரத்தானது. அலன் பேற்ஸ் முதலானோர் தொடுத்த வழக்கில், 2019 டிசெம்பரில் நீதிபதி பிறேசர் ஹொறைசனின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து தீர்ப்பளித்தார். 2024 மே மாதம் பாராளுமன்றம் சட்டம் இயற்றியே இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் மிச்சத் தீர்ப்புகளை இரத்துச் செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. இயந்திரம் பிழையாகக் காட்டினால், "எனக்கு இங்கிலிஷ் காணாது, நான்தான் மாறி அழுத்திப்போட்டேன்" என்று உடனே தங்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள். அதிகாரியின் கடிதத்துக்குப் பயந்து வாழ்ந்த காலத்தின் பழக்கம் அது. அதை இங்கே விட்டுவிட வேண்டும்.

ஆகவே சில விடயங்களை மனதில் வைத்திருங்கள். திரை நின்றுவிட்டால் மீண்டும் அழுத்தாதீர்கள். முதலில் பதிவாகிவிட்டதா என்று வங்கிக் கணக்கிலோ பதிவேட்டிலோ பாருங்கள். நேரத்தையும் தொகையையும் கொப்பியில் எழுதுங்கள். கைத்தொலைபேசியால் திரையைப் படம் எடுங்கள். கடைக்காரர்கள் காகிதப் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். எங்காவது துண்டு விழுந்தால், எந்தப் பதிவினால் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். விளக்கம் கிடைக்கும் முன்னர் சொந்தப் பணத்தைப் போடவோ கையொப்பம் வைக்கவோ வேண்டாம்.

கணனிப் படிப்புப் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நாளை நீங்கள் எழுதப்போகும் ஒரு சின்னப் பொத்தானுக்கு முன்னால், அவசரத்தில் ஒருவர் இரண்டு தரம் அழுத்துவார். அவர் உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். அவரை நினைத்து எழுதுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.