கணக்கு ஓட்டிய சைக்கிள்

ஒருவர் ஒரு காரியத்தில் ஜெயித்துவிட்டால் நம் ஜனங்கள் உடனே என்ன சொல்லுகிறார்கள்? “தலையெழுத்து” என்பார்கள், “பகவான் கடாட்சம்” என்பார்கள், இல்லாவிட்டால் “நல்ல குரு வாய்த்தார்” என்பார்கள். இவை ஒன்றையும் நம்பாமல் தம் புத்தியையும் காலையும் நம்பி ஜெயித்த ஓர் அம்மையாரைப் பற்றி இன்று பேச நினைக்கிறோம்.

அவர் பெயர் அன்னா கீசன்ஹோஃபர். ஆஸ்திரியா தேசத்தில் 1991-ம் வருஷம் பிறந்தவர். வியன்னாவிலும் கேம்பிரிட்ஜிலும் கணிதம் படித்து, 2016-ல் பார்ஸிலோனாவில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு சுவிட்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் கணித ஆராய்ச்சி செய்துவந்தார். ஆராய்ச்சி போக மீதி நேரத்தில் நெடுந்தூரப் பந்தயங்களில் இறங்கினார். ஓடியதில் காயம் ஏற்படவே, ஓட்டத்தை விட்டுச் சைக்கிளைப் பிடித்தார். 2017-ல் சம்பளத்துக்கு ஓட்டும் அணியொன்றில் சேர்ந்து, அது ஒத்துவராமல் அந்த வருஷமே விலகினார்.

டோக்கியோ பந்தயத்துக்குத் தயாரானபோது அவருக்குச் சம்பள அணியுமில்லை, பயிற்சியாளருமில்லை. என்ன உண்பது, எவ்வளவு பலத்தோடு மிதிப்பது, டோக்கியோவின் புழுக்கத்துக்கு உடம்பை எப்படிப் பழக்குவது என்பதையெல்லாம் தாமே படித்து, அளந்து, கணக்குப் போட்டு முடிவு செய்தார்.

2021 ஜூலை 25-ல் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. தூரம் 137 கிலோமீட்டர்; நடுவே மலைப்பாதை. ஹாலந்து தேசத்திலிருந்து உலகப் புகழ்பெற்ற நால்வர் வந்திருந்தார்கள். ஆஸ்திரியாவுக்கு இந்த அம்மையார் ஒருவரே. பந்தயம் துவங்கியதும் இவர் முன்னே பாய்ந்தார். வேறு நால்வர் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் வந்த பெருங்கூட்டமோ, “இவர்கள் தாமே களைத்து அகப்படுவார்கள்” என்று அலட்சியமாய் விட்டுவிட்டது. இடைவெளி 10 நிமிஷத்துக்கு மேலாயிற்று. சுமார் 41 கிலோமீட்டர் மீதியிருக்கையில் கூட வந்தவர்களையும் விட்டுவிட்டுத் தனியே போனார். 3 மணி 52 நிமிஷம் 45 விநாடியில் எல்லையைக் கடந்தார்.

75 விநாடி கழித்து வந்த ஹாலந்து வீராங்கனை வான் ஃப்ளூட்டன், தாமே முதல் என்றெண்ணி இரு கைகளையும் உயர்த்தினார்! வழியில் கடைசியாக அகப்பட்ட இருவரோடு முன்னே போனவர்கள் தீர்ந்தார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பந்தயத்தில் காதில் செய்தி சொல்லும் ரேடியோவும் கிடையாது. கணக்கு வாத்தியார் ஜெயித்தார். மற்றவர்கள் ஐந்து வரை எண்ணத் தவறினார்கள்.

ஜெயித்தபின் அந்த அம்மையார் சொன்னதன் கருத்து இதுதான்: “தெரியும் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்களை அதிகமாய் நம்பிவிடக்கூடாது.” படிப்பு வேண்டாம், அறிந்தவர் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பதல்ல இதன் அர்த்தம். அவரும் பிறர் ஆராய்ச்சிகளைப் படித்தவரே. ஆனால் படித்ததைத் தம் உடம்பில் சோதித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்.

தோழர்களே! ஒலிம்பிக்கில் ஆண்கள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது 1896-ல். பெண்களை அனுமதித்ததோ 1984-ல். அவர்களுக்கு மாரத்தான் ஓட்டம் வைத்ததும் அந்த வருஷந்தான். 1928-ல் பெண்களுக்கு வைத்த 800 மீட்டர் ஓட்டத்தையும், “அவர்கள் உடம்பு தாங்காது” என்று நிறுத்தி, 1960 வரை திருப்பிக் கொடுக்கவில்லை. இப்படிச் சொன்னவர்கள் பாமரர்களல்ல, பெரியவர்கள், படித்தவர்கள்!

ஆகையால், உங்கள் வீட்டுப் பெண் சைக்கிள் கேட்டாலும் சரி, கணக்குப் புத்தகம் கேட்டாலும் சரி, “உன்னால் ஆகாது” என்று எந்தப் பெரியவராவது குறுக்கே வந்தால், “ஐயா, எதை அளந்து பார்த்துச் சொல்லுகிறீர்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் சைக்கிளை வாங்கிக் கொடுங்கள்.