'தன்னார்வலர்' என்னும் சொல்லுக்குப் பின்னால்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருந்தியல் பற்றிப் பேச மொழிபெயர்ப்பாளன் எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். மருந்துச் சோதனைகள் குறித்த ஆவணங்களைத் தமிழாக்கும்போது ஒரு சொல்லில் என் பேனா தயங்கி நிற்கும். நோயற்ற ஒருவர் மருந்தை விழுங்கிவிட்டுத் தம் குருதியைச் சோதனைக்குத் தந்தால், அவரை 'வாலண்டியர்' என்கிறார்கள். நாம் 'தன்னார்வலர்' என்று எழுதிவிடுகிறோம். அந்த ஆர்வம் எங்கிருந்து பிறக்கிறது?

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மருந்துச் சோதனை என்றாலே மோசடி என்பது நமது நிலைப்பாடு அன்று. இதயத் துடிப்பை வலுப்படுத்தும் டிகாக்சின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் இலையிலிருந்து பெறப்படுவது அது. நம் ஊர் வேலியோரத்து மஞ்சள் அரளியின் நஞ்சும் ஏறத்தாழ இதே குடும்பத்தது. இச்செடியின் பயனை 1785இல் நூலாக எழுதியவர் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கிலேய மருத்துவர். நீர்கோத்த வீக்கத்துக்கு ஷ்ராப்ஷயர் பகுதி மூதாட்டி ஒருவர் தந்துவந்த மூலிகைக் கலவையிலிருந்தே தாம் இதை அறிந்ததாக அவரே குறிப்பிடுகிறார். மருத்துவரின் பெயர் நிலைத்தது. மூதாட்டியின் பெயரை அந்நூல் சொல்லவில்லை.

டிகாக்சினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. ஒரு மில்லிலிட்டர் குருதிநீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தால் மருந்து. இரண்டு பங்கைத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. இவ்வளவு நுண்ணிய அளவைக் கணக்கிடும் முறை 1969இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1971இல் நியூயார்க்கில் லிண்டன்பாமும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் நலமாக இருந்தவர்களுக்கு வெவ்வேறு தயாரிப்பு மாத்திரைகளைக் கொடுத்துக் குருதியைச் சோதித்தனர். எல்லா மாத்திரைகளிலும் அச்சிடப்பட்ட அளவு ஒன்றே. ஆயினும் குருதியில் சேர்ந்த உச்ச அளவில் ஏழு மடங்கு வரை வேறுபாடு காணப்பட்டது! ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய நோயாளிக்கு மருந்து பலிக்காமலும் போகலாம், நஞ்சாகவும் மாறலாம் என்பது அன்று வெளிப்பட்டது.

இதை ஏன் நோயாளிகளிடமே சோதிக்கவில்லை? டிகாக்சின் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. பழுதடைந்த சிறுநீரகமும் உடன் உண்ணும் பிற மருந்துகளும் கணக்கைக் குழப்பிவிடும். மாத்திரையின் குணத்தை மட்டும் பிரித்தறிய நலமான உடல் தேவை. மருந்து பாதியாகக் குறையவே ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆவதால், கையில் ஊசிக்குழாய் பொருத்தி, முதலில் சில நிமிட இடைவெளியிலும் பின்னர் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் குருதி எடுப்பார்கள். இடைவெளி விட்டு மற்றொரு மாத்திரையுடன் அதே ஆள்மீது அதே சோதனை தொடரும்.

இதை வேலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

உலகுக்கு மலிவு விலை மருந்து வழங்கும் நாடு என்று நமது ஆட்சியாளர்கள் பெருமிதம் கொள்கிறார்கள். அப்பெருமையின் அடித்தளத்தில் ஐதராபாத்திலும் அகமதாபாத்திலும் உள்ள சோதனைக் கூடங்களின் படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் படுத்திருப்போரில் வேலையற்றோரும் கடனாளிகளும் கூலித் தொழிலாளர்களும் உண்டு. ஆலைத் தொழிலாளி உழைப்புச் சக்தியை விற்கிறார்; இவர் தம் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சில நாள் வாடகைக்கு விடுகிறார். அவர் பெறும் பணத்துக்குக் கூலி என்ற பெயர் இல்லை. 'சிரமத்துக்கான ஈடு' என்றே ஆவணங்கள் கூறும். கூலி என்று ஒப்புக்கொண்டால் பேரம் பேசும் உரிமையையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் அல்லவா?

2015 சனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை, ஐதராபாத்தில் ஜிவிகே பயோசயின்சஸ் நடத்திய ஆய்வுகளை நம்பி அனுமதி பெற்ற ஏறத்தாழ 700 மருந்து வகைகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. தன்னார்வலர்களின் இதயத் துடிப்பு வரைபடங்கள் குறைந்தது ஐந்தாண்டுக் காலம் திரிக்கப்பட்டதாகத் தெரிகிறது என்பது காரணம். அம்மருந்துகளை உண்ட நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்குச் சான்று இல்லை என்றும் முகமை சொன்னது. இந்திய அரசு என்ன செய்தது? அவ்வாண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிகப் பேச்சுவார்த்தையை ஒத்திவைத்துத் தன் எதிர்ப்பைக் காட்டியது. ஏற்றுமதி காக்கப்பட வேண்டியதே, அதை மறுக்கவில்லை. ஆனால் வரைபடம் பொய்யென்றால், அந்த நேரத்தில் அந்த மனிதரின் இதயத்தை எவரும் கவனிக்கவில்லை என்று பொருள். அவருக்காக எந்தப் பேச்சுவார்த்தை ஒத்திவைக்கப்பட்டது?

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், சோதனையால் பாதிக்கப்படுவோருக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்கின்றன. பல்லாண்டுப் போராட்டத்தின், உச்சநீதிமன்ற வழக்கின் பயன் அது. எனினும் பணத்துக்காக ஒரு கூடத்திலிருந்து மற்றொன்றுக்கு ஓடுவோரை இவ்விதிகள் மட்டும் காக்க முடியாது. பிரான்சில் இருப்பதுபோல அரசே நடத்தும் தன்னார்வலர் பதிவேடும், தொழிலாளருக்கான சட்டப் பாதுகாப்பும் வேண்டும் என்று நாம் கோர வேண்டும்.

அமைப்புசாராத் தொழிலாளரிடையே பணியாற்றும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் சோதனைக்குப் போய்வந்தவர் எவரேனும் இருந்தால், அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் அவரிடம் இருக்கிறதா, அது அவர் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்று கேளுங்கள். நகல் பெறுவது அவரது உரிமை. படிவம் வேற்றுமொழியில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்; தமிழாக்கித் தருகிறேன்.