தலை எண்ணிக்கையும் படை பலமும்
(தோட்ட வாசகசாலையில் ஆற்றிய உரை)



1775ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் 13 குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்துக் கிளம்பின. பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல் அன்று இரு தரப்பையும் எண்ணியிருந்தால், குடியேற்றங்கள் வெல்லும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிரிட்டனில் சுமார் 80 லட்சம் மக்கள். குடியேற்றங்களில் சுமார் 25 லட்சம். அவர்களிலும் ஐந்தில் ஒருவர் அடிமை. பிரிட்டனிடம் உலகிலேயே பெரிய கடற்படையும் பயிற்சி பெற்ற சேனையும் இருந்தன. அதுவும் போதாமல் ஜெர்மன் சிற்றரசர்களிடமிருந்து சுமார் 30,000 சிப்பாய்களைக் கூலிக்கு அமர்த்திற்று.

எதிர்ப்பக்கமோ, பெரும்பாலும் ஏர் பிடித்த குடியானவர்கள். துப்பாக்கி மருந்துக்கே பஞ்சம். 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் வீரர்கள் சுமார் 2,000 பேர் நோயால் மாண்டனர். பலருக்குக் காலில் செருப்பில்லை. ஆனாலும் படை கலையவில்லை!

பிரிட்டன் ஏன் தோற்றது? ஒன்று, தூரம். நடுவே 3,000 மைல் கடல். ஆளும் மருந்தும் கப்பலில் வரவேண்டும். லண்டன் உத்தரவு வந்து சேர மாதக்கணக்கு ஆகும். நியூயார்க்கையும் பிலடெல்பியாவையும் பிடித்தார்கள். நாட்டுப்புறத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.

இரண்டு, துணை. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஏறக்குறைய 6,000 பிரிட்டிஷ் தரப்பினர் சரணடைந்தனர். அதைக் கண்ட பிரான்ஸ் 1778இல் குடியேற்றங்களோடு கைகோத்தது. 1779இல் ஸ்பெயினும் போரில் இறங்கியது. பிரிட்டன் உலகெங்கும் படையைச் சிதறவிட வேண்டியதாயிற்று. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கம்பெனிப் படை மைசூர்ச் சேனையிடம் தோற்றதும் அதே காலத்தில்தான்.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பல்கள் கடல் வழியை அடைத்தன. கார்ன்வாலிஸ் 7,000 பேருக்கு மேற்பட்ட படையோடு சரணடைந்தார். 1783இல் சமாதானம் கையெழுத்தாயிற்று.

தோழர்களே, ஒரு கசப்பான உண்மையும் உண்டு. 1775இல் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர், கலகக்காரர்களின் அடிமைகள் தம் பக்கம் வந்து ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்றார். ஆயிரக்கணக்கான அடிமைகள் பிரிட்டிஷ் பக்கம் ஓடினார்கள். சுதந்திரம் கேட்டவர்களே அவர்களுக்குச் சுதந்திரம் தரவில்லை! நாடு முழுவதும் அடிமைத்தனம் ஒழிய 1865 வரை ஆயிற்று.

ஆகவே பலத்தை எண்ணும்போது துப்பாக்கியை மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை நாள் தாங்குவோம், யார் துணை வருவார் என்று எண்ணுங்கள். நம்மில் யாரை வெளியே நிறுத்திவிட்டோம் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.